பழைய வண்டியும் புதிய வலிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் வள்ளுவத்தையும் சிலம்பையும் பற்றிப் பேசக் கேட்டு மகிழ்ந்து வருகிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அணுகி, "நீரும் ஏதேனும் பேச வேண்டும்" என்றார். நானோ பத்தாம் வகுப்பு தேறி, ரயில் நிலையத்துச் சன்னலின் உள்ளே அமர்ந்து பயணச் சீட்டுக் கொடுப்பவன். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆகவே என் இல்லத்தில் நடந்த ஒன்றைப் பேச அனுமதி கேட்டேன். "எதைப் பற்றி?" என்றார். "பழைய மோட்டார் வண்டி ஒன்றுக்கு வலிமை மிக்க எஞ்சின் கட்டியது பற்றி" என்றேன். அவர் சற்றே திகைத்தார், பின்னர் இசைந்தார். அவருக்கு என் நன்றி.

மோட்டார் வண்டிப் பேச்சுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். உறவு உண்டு. முடிவில் அதனைச் சொல்கிறேன். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

அன்பர்களே! அமெரிக்க நாட்டில் 'மஸில் கார்' என்றொரு வகை வண்டி உண்டு. நம் மொழியில் அதனை வலுவண்டி எனலாம். நடுத்தர அளவுள்ள குடும்ப வண்டி ஒன்றை எடுத்து, பெரிய வண்டிக்குரிய பெரிய எஞ்சினை அதனுள் பொருத்தினால் அது வலுவண்டி. 1964-இல் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்னும் வண்டியை இவ்வகைக்கு முன்னோடியாகக் கூறுவர். அதன் எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள். கொள்ளளவு 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர், வலிமை 325 குதிரைசக்தி என விளம்பரம் செய்தனர். அக்காலத்தில் விசிறி, டைனமோ, சைலன்சர் முதலியவற்றின் சுமை இல்லாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி அளப்பது வழக்கம். 1972 முதல் அவற்றோடு சேர்த்தே அளக்கத் தொடங்கினர்; எண்கள் ஒரே ஆண்டில் இறங்கிவிட்டன. மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. வலுவண்டிகளின் காலம் மங்கியது.

நம் நாட்டில் அவ்வகை வண்டி என்று சொல்லத்தக்கது ஒன்றே. அதுதான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் கொணர்ந்த கான்டெஸ்ஸா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் வண்டி ஒன்றின் அச்சில் வார்த்தது. நீண்ட முகம், அகன்ற தோள், தாழ்ந்த கூரை. பார்த்தால் பயில்வான் போலிருக்கும். ஆனால் அந்தப் பயில்வானின் மார்புக்குள் முதலில் வைத்தது அம்பாசிடரின் இதயம்: 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 50 குதிரைசக்தி. ஆயிரத்திருநூறு கிலோ அளவுக்கு எடையுள்ள வண்டிக்கு இது போதுமா? போதவில்லை. நிறுவனமே அதனை உணர்ந்து, பின்னர் ஜப்பானிய இசுசு எஞ்சினைப் பொருத்தியது. அதன் கொள்ளளவு 1817. வலிமை 90-ஐ நெருங்கியது. 2002-இல் கான்டெஸ்ஸா உற்பத்தி நின்றது. அம்பாசிடரும் 2014-இல் நின்றது.

குதிரைசக்தி, குதிரைசக்தி என்கிறோமே, அது யாது? இங்குள்ள தாய்மார்களுக்கு விளங்க வேண்டுமானால் நம் சுரங்கத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜேம்ஸ் வாட் என்பவர், 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தும் வேலையை ஒரு குதிரைசக்தி என வரையறுத்தார். நம் கணக்கில், ஏறத்தாழ 75 கிலோ எடையை, அதாவது நன்கு வளர்ந்த ஓர் ஆளை, ஒரு நொடியில் ஒரு மீட்டர் மேலே தூக்குவது ஒரு குதிரைசக்தி. சுரங்கக் கூண்டும் அதனுள் ஆட்களும் கயிறும் சேர்த்து மூன்று டன் எனக் கொள்வோம். அதனை நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் மேலே இழுக்க 400 குதிரைசக்தி வேண்டும். நம் தந்தையரைப் பல்லாண்டுகள் பாதாளத்திலிருந்து பகலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இத்தகைய வலிமைதான். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவந்ததும் இந்த வலிமைக்காகவே. ஆனால் அந்த வலிமை ஒருபோதும் தனியே நிற்கவில்லை. கயிறு எத்தனை உறுதியானது, பிரேக் எத்தனை நம்பத்தக்கது என்று பார்த்த பின்னரே கூண்டில் ஆளை ஏற்றுவர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவே என் உரையின் அச்சாணி.

இனி என் இல்லத்துக் கதைக்கு வருகிறேன்.

என் தமக்கையின் மகன் ஐ.டி.ஐ. படித்தவன். நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்து வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளுள் ஒருவன். அவன் மிச்சம் பிடித்த பணத்தில் பழைய கான்டெஸ்ஸா ஒன்றை வாங்கினான். முதல் வகை, அம்பாசிடர் எஞ்சின் பொருத்தியது. "மாமா, இதை நூற்றைம்பது குதிரைசக்தி ஆக்கப் போகிறேன்" என்றான். நான் ரயில்வேக்காரன், எனக்குத் தெரிந்ததெல்லாம் கால அட்டவணையும் கட்டண விகிதமுமே. சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். அன்று நான் செய்த பிழை அது.

அவன் வெளியூரில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டான். அவர்கள் சிலிண்டரை நாற்பது ஓவர்சைஸ் போர் செய்தார்கள். அழுத்தம் கூட வேண்டும் என்று சிலிண்டர் ஹெட்டைப் பெரிதும் சீவினார்கள். பெரிய கார்பரேட்டர் ஒன்றை வைத்தார்கள். பிரேக்கைத் தொடவில்லை, ரேடியேட்டரைத் திறந்தும் பார்க்கவில்லை. வண்டி வந்தது, உறுமியது, தெருவே திரும்பிப் பார்த்தது. பிள்ளைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

நானூறு கிலோமீட்டர் கூட ஓடியிராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் தங்கையையும் என் மகளையும் ஏற்றிக்கொண்டு பேத்தமங்கலம் சாலையில் சென்றான். முன்னே வைக்கோல் ஏற்றிய லாரி. அதனை முந்த வெளியே எடுத்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். லாரியின் பாதி நீளம் கடந்தபோது 'கட கட' என்று ஓர் ஒலி, பின்பு வெண்புகை, எஞ்சின் தளர்ந்துவிட்டது. எதிரே பேருந்து. முன்னேறவும் வலுவில்லை, பின்வாங்க பிரேக்கை மிதித்தால் அதுவும் முழுமையாகப் பிடிக்கவில்லை. அந்தப் பேருந்து ஓட்டுநர் யாரோ, எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, தம் வண்டியைச் சாலையைவிட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினார். மூன்று பிள்ளைகளும் பிழைத்தனர். அன்று மாலை என் மகள் வீட்டுக்கு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் தன் தாயின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி என் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

"வண்டியைப் பழைய இரும்புக்குப் போடு" என்று நான் கத்தினேன். என் தமக்கையும் அதையே சொன்னாள். பிள்ளை தலைகுனிந்து நின்றான். அப்போது என் தாய்மாமன் குறுக்கிட்டார்.

அவரை உங்களுள் பலர் அறிவீர்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே சொல்லவில்லை. பதினெட்டு வயதில் சுரங்கப் பட்டறையில் பயிற்சியாளாகச் சேர்ந்து, ஃபிட்டராக உயர்ந்து, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்படும் வரை அங்கே உழைத்தவர். இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டார். அவர் சொன்னது இவ்வளவே: "வண்டி மேல இன்னாடா தப்பு? எஞ்சினைக் கழட்டி எடுத்தாந்து என் மேசை மேல வை."

எஞ்சின் மேசைக்கு வந்தது. ஹெட்டைத் திறந்தார்கள். மூன்றாம் பிஸ்டனின் தலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிள்ளை பதறினான். மாமா அமைதியாக அவனைப் பார்த்து, "இன்னாடா கண்ணு, போடுறதுக்கு முன்ன அளந்து பாத்தியா?" என்றார். அவனிடம் விடை இல்லை.

அன்று தொடங்கி ஏறத்தாழ எட்டு மாதம், ஞாயிறுதோறும், பாட்டனும் பேரனும் அந்த மேசையருகில் நின்றார்கள். நானும் உடனிருந்தேன். அங்கே நான் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, எஞ்சின் என்பது காற்றை இழுத்து வெளிவிடும் ஓர் உறை. ஒரு கிலோ பெட்ரோலை முழுதும் எரிக்க 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவான காற்று வேண்டும். வலிமையை இருமடங்காக்க வேண்டுமானால், அதே நேரத்தில் இருமடங்கு காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும். அந்தப் பட்டறையார் செய்த நாற்பது ஓவர்சைஸ் போரினால் என்ன கிடைத்தது? மாமா பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டரிலிருந்து 74 ஆயிற்று. கொள்ளளவு 1489-லிருந்து 1531 ஆயிற்று. நூற்றுக்கு மூன்று பங்குகூட முழுதாக இல்லை! ஐம்பது குதிரைக்கு ஒன்றரைக் குதிரை கூடியது. சுவரை மெலிதாக்கிப் பெற்ற ஊதியம் இவ்வளவே.

இரண்டாவது, வெப்பம். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தை ஓட்டும் வேலையாக மாறுகிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். வலிமை கூடினால் வெப்பமும் கூடும். போக்கிடம் கூடாவிட்டால் உலோகம் உருகும். ஹெட்டை மிகுதியாகச் சீவியதால் கலவை அளவுக்கு மீறி நெருக்கப்பட்டு, தீப்பொறியின் முறைப்படி எரியாமல் வெடித்துச் சிதறியது. அதுதான் 'கட கட' ஒலி. போதாக்குறைக்கு, இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அதற்குக் காற்று சற்றுக் குறைவாகப் போதும். ஆகவே பழைய ஜெட்டின் வழியே வரும் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும். பழைய ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். ஜெட்டையும் குழாய்களையும் மாற்றாமல் ஓட்டியதால் கலவை வறண்டு, பிஸ்டன் வெந்தது.

மூன்றாவது, சுழற்சி. எஞ்சினை விரைவாகச் சுழற்றினால் வலிமை கூடும் என்பது மெய். ஆனால் பிஸ்டனையும் ராடையும் இழுக்கும் விசை சுழற்சியின் இருமடிப்படி ஏறும். நிமிடத்திற்கு 5,000 சுற்று சுழல்வதை 6,000 ஆக்கினால் சுழற்சி கூடுவது ஐந்தில் ஒரு பங்கு. விசை கூடுவதோ நூற்றுக்கு 44 பங்கு.

இவை புதிய உண்மைகள் அல்ல. நம் அம்பாசிடர் எஞ்சினின் குடும்பத்திலேயே இதற்குச் சான்று உண்டு. அதே 1489 எஞ்சினை ஆங்கிலேயர் 1955-இல் எம்.ஜி.ஏ. என்னும் விளையாட்டு வண்டியில் வைத்தனர். இரண்டு கார்பரேட்டரும் சற்றே மிகுந்த அழுத்தமும் கொடுத்து 68 குதிரைசக்தி பெற்றனர். விரைவில் அது 72 ஆயிற்று. மேலும் ஆசை பிறந்தது. 1958-இல் கொள்ளளவை 1588 ஆக்கி, ஹெட்டின்மேல் இரட்டைக் கேம் தண்டு வைத்து 108 குதிரைசக்தி எடுத்தனர். பிஸ்டன்கள் ஓட்டை விழுந்தன. வாங்கியவர்கள் வெறுத்தனர். இரண்டே ஆண்டில், 1960-இல், அவ்வகை நின்றது. அவர்கள் பாடம் கற்றனர். 1962-இல் எம்.ஜி.பி. வண்டிக்குக் கொள்ளளவை 1798 ஆக்கி, 95 குதிரைசக்தியோடு அமைந்தனர். 1964-இல் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கினர். வலிமையைக் கூட்டியவர்கள் தாங்கும் தூண்களையும் கூட்டினார்கள். தொழிற்சாலை வைத்திருந்தவர்களே இடறி விழுந்து கற்ற பாடம் இது. பிஸ்டன் ஓட்டையான என் மருமகன் வெட்கப்பட வேண்டியதில்லை. அளக்காமல் போட்டதற்கு மட்டும் வெட்கப்படலாம்.

பழைய எஞ்சினை ஒதுக்கிவிட்டு, உடைக்கப்பட்ட பிற்காலக் கான்டெஸ்ஸா ஒன்றின் இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வாங்கினோம். "இந்த வண்டிக்குன்னே கம்பெனிக்காரன் யோசிச்சுப் போட்ட எஞ்சின் இருக்கச்சொல்ல, நாம ஏன் முட்டிக்கணும்?" என்றார் மாமா. ஆனால் அதனைத் திறக்குமுன் ஒரு நிபந்தனை விதித்தார்: முதலில் பிரேக். அதன் காரணத்தையும் சொன்னார். வண்டியின் வேகம் 80-லிருந்து 120 ஆனால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. முதல் இரண்டு மாதமும் பிரேக், ஸ்டியரிங், டயர், ரேடியேட்டர் இவற்றிலேயே கழிந்தன. பிள்ளை பொறுமையிழந்தான். பாட்டன் இளகவில்லை.

பின்னர் எஞ்சின். சிலிண்டர் ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்து நோட்டில் எழுதச் செய்தார். தேய்மானம் தெரிந்தது, அரை மில்லிமீட்டர் மட்டும் ஓவர்சைஸ் போர் செய்தோம். 84 மில்லிமீட்டர் 84½ ஆயிற்று; கொள்ளளவு 1839. ஹெட்டின் துவாரங்களும் கேஸ்கெட்டும் மானிஃபோல்டும் ஒன்றோடொன்று படிதாண்டாமல் பொருந்துமாறு அரத்தால் தேய்த்தோம். காற்று தடுக்கிவிழாமல் செல்வதற்கு அது. புகைக்குழாயைப் புதிதாக வளைத்தோம்.

நான்கு பிஸ்டனும் நான்கு ராடும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்றார். எதில் நிறுப்பது? ராபர்ட்சன்பேட்டையில் நமக்குத் தெரிந்த பொற்கொல்லரிடம் சென்றோம். தங்கம் நிறுக்கும் தராசில் இரும்பை வைக்கக் கண்டு அவர் வியந்தார். கனத்த ராடுக்கும் இலேசான ராடுக்கும் 11 கிராம் வேறுபாடு! "பதினோரு கிராம் என்ன பெரிது, தாத்தா?" என்றான் பேரன். மாமா மறுபடியும் பலகையை எடுத்தார். நிமிடத்திற்கு 6,000 சுற்றில், 41 மில்லிமீட்டர் ஆரத்தில் சுழலும் பத்துக் கிராம் மட்டுமே 16 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கும். அதுவும் நொடிக்கு நூறு முறை திசை மாறி மாறி. பதினாறு கிலோச் சம்மட்டியால் நொடிக்கு நூறு முறை பேரிங்கைத் தட்டினால் அது எத்தனை நாள் தாங்கும்? பிள்ளை அரத்தை எடுத்தான். மூன்று ஞாயிறுகள் தேய்த்தான். நான்கும் ஒரு கிராமுக்குள் வந்து நின்றன.

சட்டத்தையும் மறக்கவில்லை. அது என் பங்கு. எழுத்தர் வேலை எனக்குத் தெரிந்த வேலை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் மாற்றத்திற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதலும், பதிவுச் சான்றில் திருத்தமும் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தும் ஆக வேண்டும். கான்டெஸ்ஸாவுக்கென்றே நிறுவனம் வைத்த எஞ்சின் என்பதால் எங்கள் விண்ணப்பத்துக்கு வலு இருந்தது. ரசீதுகளை வரிசையாகக் கோத்து விண்ணப்பித்தேன். காலம் பிடித்தது, ஆயினும் கிடைத்தது. இளைஞர்களே! ஒப்புதல் இல்லாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக்காரரிடம் நீங்கள் எந்த முகத்தோடு நிற்பீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய நாள் எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை அமைதி! ஆயிரம் கிலோமீட்டர் மெல்ல ஓட்டிப் பழக்கிய பின், பெங்களூரில் உருளைமேல் ஓட்டி அளக்கும் இடத்திற்குக் கொண்டுசென்றோம். சக்கரத்தில் 81 குதிரைசக்தி என்று காகிதம் வந்தது. கியர் பெட்டியும் அச்சும் விழுங்குவதைச் சேர்த்தால் எஞ்சினில் ஏறத்தாழ 95. நூற்றைம்பது என்று கனவு கண்டவன் முகம் வாடிற்று. மாமா அந்தக் காகிதத்தைக் கண்ணாடி அணிந்து நெடுநேரம் பார்த்தார். "ஐம்பது இருந்தது தொண்ணூத்தஞ்சு ஆச்சு. இதுல ஒண்ணும் பொய் இல்லடா" என்றார்.

அதன்பின் என் மகள், "நானும் வருகிறேன்" என்று தானே சொல்லி அந்த வண்டியில் ஏறினாள். அவளோடு நானும் ஏறினேன். அதே பேத்தமங்கலம் சாலையில் சென்று, ஏரிக்கரையில் சற்று நின்று, திரும்பி வந்தோம். எனக்கு அந்த 95-ஐவிடப் பெரிய எண் தேவையில்லை.

அன்பர்களே! இத்தகைய வேலை தமிழருக்குப் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய நம் குடும்ப வண்டிகளே எஞ்சின் திருத்தி அங்கு ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயச் சாலை அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டே 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தய வண்டியைக் கட்டினார். எளிய எஞ்சின், இலேசான உடல், எல்லாருக்கும் ஒரே அளவு. 1995-இல் அவர் வான்விபத்தில் மறைந்தார். ஆயினும் அவ்வண்டியில் தொடக்கப் பயிற்சி பெற்ற கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். உள்ளதைக் கொண்டு செம்மையாகச் செய்தவர்களின் வழி இது.

இப்போது, தொடக்கத்தில் தருவதாகச் சொன்ன விடைக்கு வருகிறேன். தமிழ்ச் சங்கத்தில் ஏன் இந்தப் பேச்சு?

நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் மண்வெட்டியோடு இங்கு வந்தனர். மொழியையும் கோயிலையும் கூத்தையும் கொண்டுவந்தனர். அவற்றைக் காக்கச் சங்கம் வைத்தோம். ஆனால் இவ்வூருக்கு வந்தபின் அவர்கள் தேடிக்கொண்ட சொத்து வேறொன்று உண்டு. அது கைத்திறன். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கத்துக்குக் கூண்டும் குழாயும் பம்பும் பழுதின்றி ஓடுமாறு காத்த ஃபிட்டர்கள், டர்னர்கள், வெல்டர்கள் இந்தக் குடியிருப்புகளில் இருந்தனர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த பட்டறையில், கண்ணால் பார்த்தே நூலிழை வேறுபாட்டைச் சொல்லக் கற்றனர். சுரங்கம் மூடியபோது தங்கம் போயிற்று என்று அழுதோம். அந்தத் திறன் போகிறதே என்று யாரும் அழவில்லை. அந்தக் கைகள் ஒவ்வொன்றாக நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. எஞ்சியவை நம் தெருத் திண்ணைகளில் சும்மா அமர்ந்திருக்கின்றன.

மறுபுறம் நம் பிள்ளைகள். காலை இருட்டில் சீசன் டிக்கெட்டோடு என் சன்னலைக் கடந்து செல்கிறார்கள், இரவு திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஆசை இருக்கிறது, துணிவு இருக்கிறது. கைப்பேசியில் ஆயிரம் படம் பார்த்து, எந்த உருப்படியை எங்கே வாங்கலாம் என்று அறிந்திருக்கிறார்கள். அளவு எடுக்கக் கற்பிப்பவர்தான் இல்லை. என் மருமகன் பிழைத்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் நல்லுள்ளத்தால். எல்லாப் பிள்ளைக்கும் எதிரே அப்படி ஒருவர் வருவார் என்று நாம் இருந்துவிடலாமா?

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்த மண்டபம் ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கிறது. அதனைத் திறந்துவிடுங்கள். ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு பழைய எஞ்சின் போதும். சுரங்கப் பட்டறையிலும் பெமல் தொழிற்சாலையிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்களை அழைப்போம். அளப்பது எப்படி, அரம் பிடிப்பது எப்படி, எது தாங்கும், எது தாங்காது என்று நம் பிள்ளைகளுக்கு நம் மொழியில் சொல்லித் தரட்டும். பெண் பிள்ளைகளும் வரட்டும். என் மகள் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நோட்டுப் புத்தகமும் வருகைப் பதிவேடும் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சென்ற பொங்கலன்று என் மாமா தம் மைக்ரோமீட்டரைப் பெட்டியோடு பேரனிடம் கொடுத்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் அவர் கையில் இருந்தது. இன்றும் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவதில்லை. பிள்ளை அதனை இரு கையாலும் வாங்கிக்கொண்டு, தாத்தாவின் காலில் விழுந்தான். எங்கள் வீட்டில் அன்றுவரை யாரும் ஒரு கருவியை அவ்வாறு வாங்கியதில்லை.

முன்வரிசையில் அமர்ந்து, 'போதும், முடி' என்று என் மாமா கைகாட்டிக்கொண்டிருக்கிறார்.